முப்பத்தெட்டுப் பேரும் மிக நன்று

கணிதத் துறைத் தலைவர் பெருமாள்சாமி மதியம் மூன்றரைக்கு வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு லிங்க் போட்டார். 'ஆன்லைன் வகுப்பு பயனுள்ளதா? மாணவர் கருத்துப் படிவம். ஐந்து மணிக்குள் நூறு சதவீதம் வர வேண்டும்.' வகுப்புப் பிரதிநிதி முபஷ்ஷிரா உடனே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். மற்றவர்கள், 'நீயே போட்ருட்டி' என்று அவளுக்குத் தனியாக அனுப்பினார்கள்.

மாணவர்களிடம் கருத்துக் கேட்பதும், அதைப் பிரதிநிதி ஒருத்தியே நிரப்பிக் கொடுப்பதும் அந்தக் கல்லூரியில் காலங்காலமாக நடப்பதுதான். முபஷ்ஷிரா சங்கரன்கோவிலில் தன் வீட்டுக் கட்டிலில் சாய்ந்தபடி முப்பத்தெட்டுப் பதிவெண்களையும் அடித்தாள். இணைய இணைப்பு: நன்று. பாடம் புரிகிறதா: மிக நன்று. இத்தனைக்கும் அவளுக்கே ஒரு மண்ணும் புரிந்திருக்கவில்லை. இளையரசனேந்தல் பக்கத்துக் கிராமத்து ஜாய்லினை மட்டும் கேட்கவில்லை. செய்தி அனுப்பினால் சேர இரண்டு நாளாகும். அவளுக்கும் சேர்த்து நன்று, மிக நன்று.

இரண்டு மாதம் கழித்துத் தேர்வு எழுதுவோர் பட்டியல் வந்தது. ஜாய்லின் பெயர் இல்லை. வருகை நாற்பத்தோரு சதவீதம்தான். அவள் அப்பா யோவான் உளுந்துக் காட்டில் வேலையைப் போட்டுவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு கல்லூரிக்கு வந்தார். ஜாய்லின் கேட்டாளே என்று முபஷ்ஷிராவும் துணைக்குப் போனாள்.

"எங்க ஊர்ல டவர் எடுக்காது சார். தண்ணி டேங்க் மேல ஏறுனாத்தான் ரெண்டு கோடு காட்டும். வெயில்ல நின்னுதான் இவ்வளவு கிளாஸும் கேட்டேன்" என்றாள் ஜாய்லின்.

பெருமாள்சாமி கம்ப்யூட்டரில் எதையோ தேடி, திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். "இது உன் நம்பர்தானம்மா? இணைப்பு நன்று, பாடம் மிக நன்றுன்னு போட்டிருக்க. இது பல்கலைக்கழகத்துக்குப் போயாச்சு. இப்ப டவர் இல்ல, பரீட்சை எழுத விடுங்கன்னு நான் எப்படி மனு அனுப்ப?"

"நான் போடலையே சார்."

"பின்ன யாரு போட்டா?"

கேட்டுவிட்டு அவர் முபஷ்ஷிராவைப் பார்த்தார். அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். தெரியாதவர்கள் அப்பாவும் மகளும்தான். வாயைத் திறந்தால் முப்பத்தெட்டுப் படிவமும் பொய் என்றாகும்; தன் பரீட்சையும் சேர்ந்து போகும். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பயம்தான், அதற்கு வேறு பெயர் வைக்க ஒன்றுமில்லை.

மூவரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். அங்கே வந்ததும் யோவான் முபஷ்ஷிரா பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லு தாயி. டவர் நல்லா இருக்குன்னு இவளே எழுதிக் கொடுத்திருக்கா. அப்போ தினமும் டேங்க் மேல போய் போன்ல யார்கூடப் பேசிட்டிருந்தா?"

ஜாய்லின் அழக்கூட இல்லை. வகுப்பில் விடை தெரியாதபோது பார்ப்பாளே, அப்படித் தோழியின் முகத்தையே பார்த்தாள். இங்கே துறைத் தலைவர் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை. 'நான்தான் போட்டேன்' என்று இரண்டே வார்த்தை போதும்.

"எனக்குத் தெரியாது மாமா" என்றாள் முபஷ்ஷிரா.

"பரீட்சையும் வேண்டாம், படிப்பும் வேண்டாம். திங்கக்கிழமை தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலைக்குக் கிளம்பு" என்றார் யோவான் மகளிடம். அவள் கையிலிருந்த போனை வாங்கி, அணைத்து, தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.