தையலுக்கு விட்ட துணி

அவள் சட்டையின் பக்கத் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அதைப் போட்டுக்கொள்ள வேண்டியவர் எதிரே கட்டிலில் பாதியாய் இளைத்துக் கிடந்தார், விடிந்ததும் மூச்சு நின்றுபோய். முப்பது வருஷம் பஸ்ஸில் கண்டக்டராகக் கத்திக் கத்தியே பிழைத்த மனுஷன். கடைசி மூன்று மாதம் ஒரு வார்த்தை கிடையாது, எல்லாம் ஜாடைதான்.

"பின்னாடி ரெண்டு ஊக்கு குத்திவிட்டா போதாதா அண்ணி?" என்றாள் நாத்தனார்.

"தொளதொளன்னு அனுப்பச் சொல்றியா? தையல்காரி புருஷன்."

தினமும் வந்து கட்டு மாற்றிய நர்ஸ், மீந்த மருந்துகளைப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள். அலமாரியிலிருந்த பிஸ்கட் டப்பாவைத் திறந்தவள் அப்படியே நின்றாள்.

உள்ளே வெட்டி வைத்த பழைய மருந்துப் பேட்ச்கள். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் அவர் கன்னத்தின் உட்புறம் ஒரு வெள்ளைத் திட்டு வந்தது. இன்னும் புற்றுநோய் இல்லையாம், ஆகவிடாமல் பார்த்துக்கொள்ளலாமாம், மேலே ஒட்டினால் மருந்து அந்த இடத்தில் மட்டும் இறங்குமாம் என்று அவர்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சொன்னார். சின்னச் சதுரம். "மூலை குத்துதுடி, டிக்கெட்டுன்னு வாயத் தொறக்க முடியல" என்று முனகினார். அவள் கத்தரியை எடுத்தாள். திட்டு எந்த வடிவமோ அதே வடிவம், இம்மி பிசகாமல். ஒரு மாசத்துக்கானதை மொத்தமாகவே வெட்டி வைத்தாள்.

"இவ்ளோ நேர்த்தியாவா வெட்டினாரு அவரு?" என்றாள் நர்ஸ்.

"அவருக்குக் கத்தரி பிடிக்கவே வராது. நான்தான்."

நர்ஸ் டப்பாவை மூடினாள். "ஃபைல்ல அவரே வெட்டினதா எழுதியிருக்குக்கா. திட்டைத் தாண்டி சுத்தி நல்ல எடத்துலயும் ஒட்டணும், யார் வெட்டினதுன்னு டாக்டர் சத்தம் போட்டப்ப, நான்தான்னாராம்."

"சுத்தி எதுக்கு?"

"திட்டோட ஓரத்துலதான்க்கா புத்துநோய் ஆரம்பிச்சுது." உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அதனாலதான்னு சொல்ல முடியாது. ஒழுங்கா ஒட்டினாலும் சில பேருக்குக் கேக்காது."

பஸ்ஸில் நடந்த சின்னச் சண்டையைக்கூட வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் சொல்கிற வாய் அது. இதை மட்டும் சொல்லவில்லை. அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, "பேட்ச நிறுத்திட்டாங்க, தொல்ல விட்டுது" என்றார். அவ்வளவுதான்.

கடைக்குப் புதிதாக வருகிற பெண்களிடம் அவள் ஓயாமல் சொல்வது ஒன்றே ஒன்று: தையலுக்கு ஓரத்துல விட்டு வெட்டு. ரெண்டு ரூபாய்த் துணிக்கு இருந்த புத்தி கட்டினவன் வாய்க்கு இல்லாமல் போயிற்றே, பாவி. அழுகை வரவில்லை. கை தன் பாட்டுக்குத் தைத்தது.

"வண்டி வந்துட்டுது அண்ணி."

பக்கத்துக்கு நான்கு விரல் அளவு உள்ளே பிடித்தாயிற்று. பிடித்த துணி உள்பக்கம் தடிப்பாக மடிந்து நின்றது.

"இது உறுத்தும்ல, வெட்டிடவா?" நாத்தனார் கத்தரியை எடுத்தாள்.

"வேண்டாம். அது இருக்கட்டும்."

இரண்டு பக்க மடிப்பையும் நகத்தால் நீவிப் படியவைத்தாள். பிறகு அவர் கையைத் தூக்கிச் சட்டைக்குள் நுழைத்தாள்.