சாரிக்கிஸ்

ஹாஜரா மூன்றாவது தடவையாகக் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். பூனையும் இல்லை, கோழியும் இல்லை. ஆனால் கட்டிலில் கிடந்த அவள் புருஷன் துர்சுன் காலையிலிருந்து "சூ, சூ" என்று எதையோ விரட்டிக்கொண்டே இருந்தான். மூங்கில் கழியால் தகரப்பெட்டிக்குப் பின்னால் தட்டிவிட்டு, "போயிருச்சு. கண்ணை மூடிப் படுங்க" என்றாள். அவன் அவள் முகத்தையே பார்த்து மறுபடியும் "சூ" என்றான்.

காய்ச்சல் வந்து ஏழு நாள். நேற்றோடு அவனிடமிருந்து தமிழும் போய்விட்டது, பர்மா பாஷையும் போய்விட்டது. ஐந்து வருஷம் அவளோடு அரைகுறையாகப் பேசிய வாய் இப்போது அவளுக்குத் தெரியாத பாஷையை மட்டுமே பேசியது. பச்சைத் தண்ணீர் ஆகாது என்று ஹக்கீம் சொல்லியிருந்ததால் கஞ்சியை மட்டும் கரண்டியால் ஊட்டினாள். அதை அவன் துப்பினான்.

நண்பகல் பாங்கு சொல்லி முடிந்த சமயம் ரிசா வந்தான். அவனும் துருக்கிக்காரன்தான். பஸ்ரா பக்கம் நடந்த சண்டையில் பிடிபட்டு, துர்சுனோடு ஒரே கப்பலில் ரங்கூனுக்குக் கொண்டுவரப்பட்டவன். தயெட்மியோ கைதிமுகாமில் இருவரும் சேர்ந்து ரோட்டுக்குக் கல் உடைத்தார்கள். சண்டை ஓய்ந்து மற்றவர்களை ஊருக்கு அனுப்பியபோது இவர்கள் கப்பல் ஏறவில்லை. ரங்கூனிலேயே ஒரு ரொட்டிக்கடையில் அடுப்பு வேலைக்குச் சேர்ந்தார்கள். ஏன் போகவில்லை என்று ஹாஜரா ஒரே ஒரு முறை துர்சுனிடம் கேட்டிருக்கிறாள். "இங்க நல்லா இருக்கு" என்றான். அவளும் முதல் புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவள். அதற்கு மேல் தோண்டவில்லை.

"சூ" என்றது காதில் விழுந்ததும் ரிசா வீட்டைச் சுற்றுமுற்றும் பார்த்தான்.

"தண்ணி கேக்குறான். தண்ணி எங்க?"

ஹாஜரா கழியைக் கையில் பிடித்தபடியே நின்றாள். ரிசாவே பானையில் மொண்டு கொடுத்தான். துர்சுன் இரண்டு குவளை குடித்தான். தண்ணீர் தாடி வழியாக இறங்கிப் பாயை நனைத்தது. காலையிலிருந்து எத்தனை தடவை கேட்டிருப்பான் என்று நினைத்துப் பார்க்கப் போனாள், பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள்.

தண்ணீர் உள்ளே போனதும் துர்சுனுக்குத் தெளிவு வந்ததுபோல் இருந்தது. ஹாஜராவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தான். வேகமாக, கெஞ்சுவதுபோல, நடுவில் ஒருமுறை சிரித்துக்கொண்டுகூடப் பேசினான். சாரிக்கிஸ் என்ற சொல் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. அது ஒரு பெயர் என்பது அவளுக்கு எப்படியோ புரிந்துவிட்டது. ரிசா கட்டிலருகே உட்கார்ந்து தணிந்த குரலில் ஏதேதோ பதில் சொன்னான். கொஞ்ச நேரத்தில் பிடி தளர்ந்தது. ரிசா துர்சுனின் கண்களை மூடிவிட்டுக் கலிமா சொன்னான்.

அவள் அழவில்லை.

"சாரிக்கிஸ் யாரு நானா?" என்று கேட்டாள். ரிசாவை அண்ணனாக எண்ணி அவள் அப்படித்தான் அழைப்பாள்.

ரிசா தலையைத் தூக்கவில்லை. "மாடு. அவன் ஊர் மாடு. கட்டியாச்சா, புல்லு போட்டாச்சான்னு கேட்டான். போட்டாச்சுன்னு சொன்னேன்."

"அதுக்கு என்ன அர்த்தம்?"

"மஞ்சப் பொண்ணு."

"மாட்டுக்குப் பொண்ணுன்னா பேரு வப்பாங்க?"

"எங்க ஊர்ல அப்படித்தான்."

இருக்கலாம். பக்கத்து வீட்டு நீலாம்பாள்கூடத் தன் பசுவை மகளே என்றுதான் கூப்பிடுகிறாள். ஆனால் மாட்டிடம் போய் யாராவது அப்படிக் கெஞ்சுவார்களா? தன் கையைப் பிடித்துக்கொண்டு மனசுக்குள் அவன் யாருடைய கையைப் பிடித்தான் என்று அவளுக்கு விளங்கவில்லை.

அதற்குள் அவள் தம்பி பர்கத்துல்லா பள்ளிவாசல் ஆட்களோடு வந்துவிட்டான். மய்யித்தைக் குளிப்பாட்டி வெள்ளைத் துணியால் கபனிட்டார்கள். அடக்கப் புத்தகத்தில் எழுத துர்சுனின் தகப்பன் பேர் வேண்டியிருந்தது. நிக்காஹ் எழுதியபோது ஹசன் என்று துர்சுன் சொல்லியிருந்தான். ரிசாவோ, முகாமில் உமர் மகன் என்றுதான் கூப்பிடுவார்கள் என்றான். துர்சுன் என்ற பேருக்கே இருக்கட்டும் என்றுதான் அர்த்தமாம். முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்காததால் தாய் வைத்தாளாம். இதுவும் ஹாஜராவுக்கு இன்றுதான் தெரிந்தது.

"எதை எழுதுறது லாத்தா?" என்று பர்கத்துல்லா அக்காவிடம் சலித்துக்கொண்டான்.

"ரெண்டையும் எழுதச் சொல்லு."

மய்யித்தைச் சுமந்த சந்தூக்கு தெருவைத் தாண்டியதும் பெண்கள் அவளுக்கு வெள்ளை உடுத்தி, வேற்று ஆண்கள் கண்ணில் படாதபடி உள்ளறையில் திரை கட்டி இத்தா உட்கார வைத்தார்கள். யார் யாரோ வந்து கட்டிக்கொண்டு அழுதார்கள். அவள் அவர்கள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். எதற்காக அழ வேண்டும் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. புருஷனுக்கா, வேறு யாரோ ஒருத்தியின் புருஷனுக்கா, தண்ணீர் குடிக்காமல் அவன் கிடந்த அந்தக் காலை நேரத்துக்கா?

மறுநாள் காலை ரிசா வந்து திரைக்கு வெளியே நின்றான். அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டி ஒன்றைத் துணியில் சுற்றித் திரைக்கு அடியில் உள்ளே தள்ளினான். உடனே திரும்பப் போனவனை ஹாஜராவின் குரல் நிறுத்தியது.

"அந்த மாடு பாலு குடுக்குமா நானா?"

"குடுக்கும்."

தெருவில் டிராம் மணியடித்துக்கொண்டு போனது. அது ஓயும் வரை அவள் காத்திருந்தாள்.

"கன்னு இருந்துச்சா?"

போய்விட்டானோ என்று அவள் திரைக்கு அடியில் பார்த்தாள். மாவு படிந்த இரண்டு பாதங்கள் அசையாமல் நின்றன.

"ஒண்ணு இருந்துச்சு" என்றான் ரிசா.

ஹாஜரா துணியைப் பிரித்தாள். ஆவி வந்தது. ரொட்டியை இரண்டாகப் பிய்த்து, ஒரு பாதியைத் திரைக்கு வெளியே நீட்டினாள். வாங்கிக்கொள்ளும் வரை கையை எடுக்கவில்லை.