டீச்சர் எடுத்த வீடியோ

நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். படிப்பு ஐந்தாவதோடு சரி. என் மகளின் மகள் அதே பள்ளியில் எட்டாவது படிக்கிறாள். அவளுக்குப் பேச்சு திக்கும். சில சொல்லில் அப்படியே நின்றுவிடும், பிறகு குளிர்ந்த இன்ஜின் மாதிரி உதறிக்கொண்டு கிளம்பும். வீட்டில் அதுவரை சும்மா இருப்போம். அதனால் யாருக்கும் குடி முழுகிப் போகவில்லை.

ஒரு நாள் பின் ஸீட்டிலிருந்து சத்தம். "லோடிங்... லோடிங்..." ஒரே சிரிப்பு. தலைக்கு மேலே உள்ள கண்ணாடியில் பார்த்தேன். பேத்தி ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற பெண்ணிடம் விசாரித்தேன். அவள் தன் போனை என் மூஞ்சிக்கு நேரே நீட்டினாள். பேத்தி வகுப்பில் பாடம் வாசிக்கிறாள். திக்குகிற இடத்தை மட்டும் வெட்டி, திரும்பத் திரும்ப ஓடவிட்டு, போனில் படம் நின்றுபோனால் சுற்றுமே, அந்த வட்டத்தை நெற்றியில் சுற்ற விட்டிருந்தார்கள்.

"யாரு பண்ணது?"

"கிளாஸ் லீடர் பையன்தாண்ணே. எல்லாரும் பாத்தாச்சு, நீங்கதான் பாக்கி."

மறுநாள் பஸ் சாவியும் கையுமாக வகுப்பு டீச்சரிடம் போனேன். நல்ல மனுஷிதான். அதுதான் தொல்லை. கெட்டவளாக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு வந்திருப்பேன்.

"கவலைப்படாதீங்க ஐயா. இன்னைக்கே முடிச்சு வச்சிடறேன்."

முடித்தும் வைத்தார். வகுப்பில் உள்ள பெரிய திரையில் அந்தக் கண்றாவியையே போட்டு, "இது தப்புன்னு நினைக்கிறவங்க கை தூக்குங்க" என்றாராம். நாற்பது பேரும் தூக்கினார்களாம். பையனும்தான். அதுவரை பார்க்காத ஏழெட்டுப் பிள்ளைகளும் அன்றைக்குப் பார்த்துவிட்டார்கள். பிறகு அவனை ஸாரி சொல்லவைத்து, இரண்டு பேரையும் கைகுலுக்கவைத்து, போட்டோ எடுத்து, 'கேலி இல்லாத வகுப்பறை' என்று எழுதிப் பள்ளிக்கூடத்தின் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டார். சாயங்காலத்துக்குள் அந்த போட்டோவிலும் பேத்தி நெற்றியில் வட்டம் சுற்றியது.

இந்தத் தடவை பெரிய டீச்சர் அறைக்கே போனேன். வகுப்பு டீச்சரும் அங்கே இருந்தார்.

"மொத வீடியோவ எடுத்தது யாரும்மா?"

"நான்தான் ஐயா. வாசிப்புப் பயிற்சி. எல்லாப் பிள்ளைகளையும் எடுத்து கிளாஸ் குரூப்ல போடுவேன். அப்பா அம்மா பாக்கணும்ல?"

"திக்குற பிள்ளையையுமா?"

"அவளை மட்டும் விட்டா, ஒதுக்கின மாதிரி ஆயிடுமே."

"அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

வகுப்பு டீச்சர் பெரிய டீச்சரைப் பார்த்தார். பெரிய டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"டிரைவரே, பஸ் எடுக்க நேரமாச்சு."

அன்று வீட்டுக்கு வந்ததும் பேத்தி என் முன்னால் வந்து நின்றாள்.

"நீ ஏன் தாத்தா போனே?"

ஒரு இடத்திலும் திக்கவில்லை. அதற்குப் பிறகு பள்ளியில் அவள் வாய் திறக்கவே இல்லை. பெயர் கூப்பிட்டால் கை தூக்குகிறாள். வாசிக்கும் முறை வந்தால் எழுந்து நிற்கிறாள். "பரவால்ல, உக்காரும்மா" என்று டீச்சர் அடுத்த பிள்ளைக்குப் போய்விடுகிறார். பஸ்ஸில் லோடிங் சத்தமும் நின்றுவிட்டது. பேசாத பிள்ளையை எதை வைத்துக் கேலி செய்வது? வீட்டிலும் பேச்சு குறைந்துகொண்டே வருகிறது.

பரீட்சை முடிந்து ரிப்போர்ட் கார்டு வந்தது. மகள் வேலைக்குப் போயிருந்தாள். பேத்தி பேனாவை என்னிடம் நீட்டினாள். எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'அமைதியான பிள்ளை. நல்ல முன்னேற்றம்.'

அந்த வரியை இரண்டு கோடு போட்டு அடித்துவிட்டு, கீழே என் கையெழுத்தைப் போட்டேன்.

மறுநாள் டீச்சரே பஸ் படி வரைக்கும் வந்தார்.

"கார்டுல கிறுக்கலாமா ஐயா? பரவால்ல, புதுசு எழுதித் தரேன்."

எழுதித் தந்தார், அழகான கையெழுத்தில். அதே வரி.