இறங்கிவிட்டது என்று காட்டியது

மொட்டை மாடிக் கொடியில் சேலையை விரித்துக் கிளிப் மாட்டிக்கொண்டிருந்தபோது அகிலாவின் தலைக்கு மேல் விமானம் போனது. போனில், விமானம் போகும் வழியைக் காட்டும் செயலியில்தான் போனது. வானத்தில் ஒன்றுமில்லை. ஆடி மாதத்து வெள்ளை வெயில், குன்றக்குடிப் பக்கம் இரண்டு துண்டு மேகம், அவ்வளவுதான். திரையில் மட்டும் மஞ்சள் நிறத்தில் ஒரு குட்டி விமானம், காரைக்குடி கழனிவாசலில் அவள் நின்றுகொண்டிருந்த வீட்டைத் தாண்டி, திருச்சியைப் பார்த்து நிதானமாக ஊர்ந்தது. காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். துணி படபடத்ததைத் தவிர வேறு சத்தம் இல்லை.

இரண்டாவதாக ஏற்றியிருந்த புதுச் செயலியைத் திறந்தாள். கொழும்பிலிருந்து திருச்சிக்கு வரும் விமானம் இன்று ரத்து என்று அதில் சிவப்பில் போட்டிருந்தது.

கிளம்பாத விமானம் எப்படி வீட்டுக்கு மேல் பறக்கும்? தண்ணீர்த் தொட்டி நிழலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முதல் செயலியில் அந்த விமானம் புதுக்கோட்டையையும் தாண்டி, சொன்ன நேரத்துக்குத் திருச்சியில் இறங்கியது. 'இறங்கிவிட்டது' என்று பச்சையில் எழுத்து வந்தது. அதே பச்சை. சித்திரையில் அப்பாவைக் குளிர்பெட்டியில் வைத்துக்கொண்டு அவள் பார்த்த அதே பச்சை.

அப்பா சோமு ஒரு விடிகாலையில் போய்ச் சேர்ந்தார். தம்பி மருதுபாண்டி தோகாவில் ஏ.சி. மெக்கானிக். அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு போனவன், ஆறு வருடமாக ஊர்ப்பக்கம் தலைகாட்டவில்லை. தகவல் சொன்னதும் "வாரேன்க்கா" என்றான். நேர் விமானத்தில் இடமில்லாமல் கொழும்பு வழியாக டிக்கெட் போட்டு, விமான எண்ணை மட்டும் அனுப்பினான். கொள்ளி வைக்க இருக்கும் ஒரே மகன் அவன். மறுநாள் மத்தியானம் வாசலில் பந்தலும் கொட்டும் தயாராக இருக்க, அகிலா போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கிவிட்டது என்று வந்ததும் அவள்தான் எழுந்து நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். திருச்சியிலிருந்து கார் பிடித்தால் இரண்டு மணி நேரம். இரண்டு மணி நேரமும் ஆனது, மூன்றும் ஆனது. அவன் போன் அணைந்தே கிடந்தது.

"இறங்குனவன் எங்குட்டுப் போனான்?" என்று மாமா கேட்டார். "செத்த மனுசன் மூஞ்சில முழிக்கத் தயங்கிக்கிட்டு எங்கயாவது உக்காந்திருப்பான். நீ சொல்லுத்தா. நாளைக்கு வரைக்கும் பெட்டியில வச்சிருக்கவா, எடுத்துருவமா?"

அவள் யோசிக்கவில்லை. கோபம் அப்படி. வந்து இறங்கியும் வராதவனுக்காக அப்பாவை இன்னொரு ராத்திரி பெட்டிக்குள் கிடத்துவதா என்றுதான் தோன்றியது. "எடுத்துருங்க மாமா" என்றாள். பெரியப்பா மகன் பெத்தன் கொள்ளி வைத்தான்.

மறுநாள் காலையில் காடாத்துக்குப் போனவர்கள் சுடுகாட்டிலிருந்து திரும்பியபோது மருதுபாண்டி பையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வந்தான். பந்தல் பிரித்துக் கிடந்ததைப் பார்த்தான். "கொழும்புல லேட்டுக்கா. திருச்சியில மழைன்னு இறக்க முடியாம மெட்ராசுக்குத் திருப்பிட்டாங்க. போன்லயும் சார்ஜ் இல்ல" என்றான். அகிலா அத்தனை பேர் முன்னால் போனை அவன் முகத்துக்கு நேராக நீட்டினாள். "இறங்கிருச்சுன்னு போட்டிருக்கு பாரு. யாருகிட்டடா கதை விடுற?" அவன் டிக்கெட்டை எடுக்கப்போவதுபோல் சட்டைப் பைக்குள் கையை விட்டான். பிறகு எதையும் எடுக்காமல் கையை வெளியே இழுத்துக்கொண்டான். கருமாதி முடித்துப் போனவன் அதன் பிறகு அம்மாவோடு மட்டும்தான் பேசுகிறான்.

அம்மா ராமுத்தாய் மட்டும் அன்றைக்கே ஒன்று சொன்னாள். "அவுகளத் தூக்குறப்ப மேல ஏரோப்ளேன் சுத்திச் சுத்தி இரைஞ்சுச்சே, உங்களுக்குக் கேக்கலையா?" கொட்டும் ஒப்பாரியுமாக இருந்த வாசலில் யாருக்குக் கேட்கும். பாவம், மனசு கலங்கிப் பேசுகிறாள் என்று விட்டுவிட்டார்கள்.

செக்காலை ரோட்டில் ஒரு கூரியர் அலுவலகத்தில் அகிலாவுக்கு வேலை. பக்கத்து இருக்கை ராஜப்ரியாவின் கணவர் குவைத்தில் இருக்கிறார். போன மாதம் அவர் வந்த அன்று, அகிலா தன் போனைப் பார்த்து "உங்க வீட்டுக்காரரு இறங்கிட்டாரு போல" என்றாள். ராஜப்ரியா சிரித்தாள். "அவரு இன்னும் கடலுக்கு மேல இருக்காருக்கா. உங்க ஆப்பு டைம் டேபிளப் பாத்து அதுவா தள்ளிவிடும். நாம மூட்டையப் பிரிக்கிறதுக்கு முன்னாடியே டெலிவர்டு போடுறோம்ல, அது மாதிரி." அகிலாவும் கூடவே சிரித்தாள். காலையில் மூட்டை வந்து விழுந்ததும், கணக்கு நேராக இருக்கட்டும் என்று, அத்தனை பார்சலையும் சேர்த்தாகிவிட்டது என்று தட்டுவது அவள் கைதான். வீட்டில் காத்திருப்பவர்கள் வாசலுக்கும் போனுக்குமாக அலைந்துவிட்டுக் கூப்பிட்டால், "சேந்துருச்சே, நல்லாப் பாருங்க" என்று சொல்வதும் அவள்தான்.

அதற்காக ராஜப்ரியா சொன்னதை அப்படியே நம்பிவிட மனம் வரவில்லை. நம்பிவிட்டால் அப்புறம் என்ன மிச்சமிருக்கிறது? ராஜப்ரியாவின் செயலியையும் போனில் ஏற்றிக்கொண்டாள். சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வரும்போதெல்லாம் துணி காயப்போடுகிற சாக்கில் மாடியேறி, இரண்டையும் வானத்தோடு ஒத்துப் பார்த்தாள். புதுச் செயலியில் விமானம் வரும்போது மேலே சத்தம் வந்தது, வெள்ளை வயிறு தெரிந்தது. பழைய செயலி சில நாள் ஒத்துப்போனது, சில நாள் வெறும் வானத்தில் விமானத்தை ஓட்டிக் காட்டியது. ஒத்துப்போன நாட்களையே அவள் பிடித்துக்கொண்டாள். பழையது ஜெயிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுகூட இருந்தாள். தம்பி பொய்யனாக இருந்தால்தான் அவளால் தூங்க முடியும்.

"ஏத்தா, இன்னைக்கு ஏரோப்ளேன் வண்டிச் சத்தத்தையே காணோமே" என்று, தொட்டி நிழலில் உட்கார்ந்திருந்தவளைக் கீழேயிருந்து அம்மா கேட்டாள்.

"இன்னைக்கு வரலைம்மா."

சொன்ன பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, புதுச் செயலியில் பணம் கட்டி, சித்திரை மாதத்து அந்தத் தேதியைத் தேடி எடுத்தாள்.

விமானம் கொழும்பிலிருந்து சாயங்காலம்தான் கிளம்பியிருந்தது. கடலைத் தாண்டி நேராக வந்த நீலக்கோடு, காரைக்குடிக்கு மேல் வந்ததும் வளைந்தது. வட்டம் போட்டது. மறுபடி அதே வட்டம். கழனிவாசலையும் கண்மாயையும் பஸ் ஸ்டாண்டையும் உள்ளே வைத்துக் கோட்டுக்கு மேல் கோடாகச் சுற்றி, கடைசியில் வடக்கே திரும்பிச் சென்னைக்குப் போயிருந்தது.

தம்பியைக் கூப்பிட்டாள். வெள்ளிக்கிழமை, அவனுக்கு விடுமுறை. எடுக்க மாட்டான் என்று நினைத்தாள். எடுத்தான்.

"பாண்டி, பாத்துட்டேன்டா. நம்ம ஊருக்கு மேலதான் சுத்தியிருக்கு. நான்தான்டா... நான்தான் எடுக்கச் சொன்னேன்."

அந்தப் பக்கம் ஏ.சி. இரைச்சல் நின்றது.

"எத்தனாவது சுத்துலக்கா எடுத்தீக?" என்றான்.

அவன் குரலில் கோபமில்லை. கோபமிருந்தால் நன்றாயிருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. அன்றைக்கு அப்பாவைத் தூக்கிய கையோடு அவனுக்கு 'எடுத்துட்டோம்' என்று ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். அதைத் தேடி நேரத்தைப் பார்த்தாள். விரலால் கோட்டைத் தள்ளித் தள்ளி அந்த நேரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினாள். விமானம் கழனிவாசலுக்கு மேல், வளைவில், ஒரு இறக்கை வீட்டுப் பக்கமாக நின்றது.

"மூணாவது" என்றாள்.

"ம். அப்பத்தான் மேகம் விலகி நம்ம தெரு தெரிஞ்சுச்சு" என்றான் மருதுபாண்டி. "வைக்கவாக்கா?"

அழைப்பு அறுந்தது. திரையில் விமானம் நின்ற இடத்திலேயே நின்றது. ஓட விட்டால் இன்னும் ஒரு சுற்றுதான், அப்புறம் வடக்கே திரும்பிவிடும். அவள் விரலை எடுத்துக்கொண்டாள்.

துணி எடுக்கப் படியேறி வந்த அம்மா, அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "நம்ம வீட்டுக்கு மேல நிக்குதே, யாரு வண்டித்தா?"

"தம்பி வந்த வண்டிம்மா."

அம்மா வெயிலை மறைக்கக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு வெறும் வானத்தை அண்ணாந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள்.