பத்துக்கு இரண்டு

முப்பது வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். டிக்கெட் எடுக்காதவனை முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவார். அப்பேர்ப்பட்டவர் கண்ணிலேயே மண்ணைத் தூவியது அவர் வளர்த்த நாய்.

பெயர் மந்திரி. நடை அப்படி. பின்னங்காலில் ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள், கண்டக்டர் மிருக ஆஸ்பத்திரி வார்டுக்குள் நுழைந்ததும் தலையை நிமிர்த்தி வாலை ஆட்டியது. அவர் வரும் நேரமும் டாக்டர் சுற்றிப் பார்க்கும் நேரமும் தினமும் ஒன்றுதான். டாக்டர் அட்டையில் வலிக்கு மார்க் போட்டார். பத்து என்றால் தாங்க முடியாத வலி, மந்திரிக்கு இரண்டு.

"நல்லாத்தான் இருக்கான். வலி ஊசிய நிறுத்திடலாம். சாயங்காலம் கூட்டிட்டுப் போங்க."

கண்டக்டருக்கு வாயெல்லாம் பல். டாக்டர் நகர்ந்ததும் நர்ஸ் பக்கத்தில் வந்தாள்.

"சார், கொஞ்சம் வெளிய போய் ஜன்னல் வழியா பாருங்க. அவன் கண்ணுல படாதீங்க."

"என்னைப் பாத்தாதானம்மா அவனுக்குத் தெம்பு?"

"அதான் சார் பிரச்சனையே. நீங்க இல்லாதப்ப அவன் வேற நாய்."

மனசில்லாமல் போய் ஜன்னலோரம் ஒதுங்கி நின்றார். ஆடிய வால் காலிடுக்கில் ஒடுங்கியது. மந்திரி படுக்கப் பார்த்தது. பாதி குனிந்து நிமிர்ந்துவிட்டது. மறுபடி குனிந்தது. முடியாமல், மூலையில் தலையைத் தொங்கப்போட்டு நின்றபடியே தூங்கி வழிந்தது. உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது.

கண்டக்டருக்குப் புரிந்தது. மூன்று நாளாக வேளை தவறாமல் வந்து, இந்த வலியை மறைக்கத் தானே துணைபோயிருக்கிறார். கதவில் கை வைத்தார்.

"உள்ள போனா திரும்ப வாலை ஆட்டுவான். டாக்டரைக் கூட்டிட்டு வரேன், பொறுங்க சார்."

கையை எடுத்துவிட்டார். அவர் பொறுத்த பொறுமையில் அதுதான் பெரிது. டாக்டர் வந்து, அவரோடு நின்று கண்ணாடி வழியே பார்த்தார். நர்ஸிடமிருந்து அட்டையை வாங்கி, இரண்டை அடித்து ஏழு என்று எழுதினார்.

ஊசி போட்ட அரைமணியில் மந்திரி மெல்லப் படுத்தது. பிறகு பக்கவாட்டில் சாய்ந்து, காலை நீட்டித் தூங்கியது.

"இப்ப போய்ப் பாக்கறீங்களா சார்?"

"வேண்டாம்மா. என் சத்தம் கேட்டா எந்திரிச்சிடுவான்."

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வாசல்வரை வெறுங்காலில் நடந்தார்.