மழையில்லாமல் வந்த ஆறு

காவிரிக்கரைக் குத்தாலத்து வீட்டு மாடியில் உட்கார்ந்து எழில்மொழி எட்டு மாதமாக ஒரு நாட்டைக் கட்டிக்கொண்டிருந்தாள். வாளும் மந்திரமும் உள்ள வீடியோ கேம் அது. அரக்கர்கள் வேறு ஆட்கள் பாடு. நிலம், ஆறு, வெயில், மழை இவள் பொறுப்பு. சென்னை ஆபீசில் இவளுக்கு மேலே இருப்பவன் சமீர். நல்ல மனுஷன்தான், ஆனால் ஆற்றை ரயில் ஜன்னல் வழியாக மட்டுமே பார்த்தவன்.

விளையாடிச் சோதிப்பவர்கள் ஒரு பிழையைக் கண்டுபிடித்திருந்தார்கள். காலை மீட்டிங்கில் சமீர் அதை எடுத்தான்.

"வானத்துல பொட்டு மேகமில்ல, ஆத்துல மட்டும் தண்ணி வருது. மழை பெய்யாம எப்படிங்க வரும்?"

எழில்மொழிக்கு நிஜமாகவே கேள்வி புரியவில்லை. "தண்ணி வர்றதுக்கு மழை எதுக்குங்க?"

மீட்டிங்கில் எல்லோரும் சிரித்தார்கள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எங்கோ குடகில் பெய்த மழை மேட்டூரில் தேங்கி, திறந்துவிட்டபின் கொளுத்தும் ஆனி வெயிலில் ஊர் வந்து சேர்வதைப் பார்த்தே வளர்ந்தவள். ஆறு என்றால் இப்படித்தான் என்று யோசிக்காமலே கட்டிவிட்டாள்.

"டிராகன நம்புவாங்க, இத நம்ப மாட்டாங்க. மழையோட ஆத்த இணைச்சிடுங்க. இல்லன்னா அந்த நாட்டையே எடுத்துட்டுப் பனிமலைய வெச்சிடலாம். இன்னிக்கே முடிவு சொல்லுங்க" என்றான் சமீர்.

மழையோடு இணைத்தால் அது அவளுடைய ஆறே இல்லை.

கீழேயிருந்து அம்மா அம்சம் கத்தினாள். "எழிலு! தண்ணி பாலத்துக்கிட்ட வந்துடுச்சாம்டி!"

நாற்றங்காலை உழுது வைத்துவிட்டுப் பத்து நாளாக இதற்காகவே காத்திருந்தவள் அம்சம். எழில்மொழி மீட்டிங்கைக் கைப்பேசிக்கு மாற்றிக்கொண்டு ஆற்றங்கரைக்கு அம்மா பின்னாலேயே ஓடினாள்.

ஆறு வெள்ளை மணலாகக் கிடந்தது. கைப்பேசியை உயர்த்திப் பிடித்தாள். வளைவிலிருந்து பழுப்புத் தண்ணீர் சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு குழியிலும் நின்று, நிரம்பி, பிறகு அடுத்த அடி வைத்தது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அம்சம் அதோடு கூடவே கரையில் நடந்தாள். மடியில் கொண்டுவந்திருந்த பூவை அள்ளி வீசினாள்.

"வா, வா! இவ்ளோ நாள் எங்க போயிருந்த? ஒரு சேதி உண்டா?"



"அங்க மழை பெய்யலயா?" என்றான் சமீர் கைப்பேசியில்.

அவள் வானத்தைக் காட்டினாள். வெயிலில் கண் கூசியது.

"சரிங்க, ஆத்துல கை வைக்க வேணாம்" என்றான். "ஆனா இன்னொரு பிழை இருக்கு. உங்க கரையில ஆளே இல்லையே!"

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமாகவும் இருந்தது. ஆற்றைக் கட்டியவள் அதற்காகக் காத்திருப்பவர்களை மறந்துபோயிருந்தாள்.

சாயங்காலத்துக்குள் கரையில் ஒரு பெண்ணை நிறுத்திவிட்டாள். செருகிய சேலை, கை நிறையப் பூ. எப்பேர்ப்பட்ட வீரன் வந்தாலும் திரும்பிப் பார்க்கமாட்டாள், தண்ணீர் வரும்வரை நகரவும் மாட்டாள். பூரிப்போடு அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

அம்சம் திரையை உற்றுப் பார்த்தாள்.

"எல்லாம் சரி. இவளோட நாத்தங்கால் எங்கடி? தண்ணி வந்து என்ன பண்ணுவா?"

எழில்மொழி நாற்காலியை மறுபடி இழுத்துப் போட்டுக்கொண்டாள்.