ஆறு மில்லிசெகண்ட்

வாப்பாவுக்கான நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்து, இரவல் வாங்கிய அண்டாக்களைப் பள்ளிவாசலுக்குத் திருப்பி அனுப்பிய மறுநாள், சஃப்ரின் கம்ப்யூட்டர் மேல் போட்டிருந்த துணியை எடுத்தாள். வாப்பா ஹபீபுல்லாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று அணைத்தது. அதன் பிறகு அதைத் தொட அவளுக்கு மனம் வரவில்லை.

கணவனை இழந்த உம்மா ஹாஜரா பீவி இத்தாவில் இருந்தாள். நான்கு மாதம் பத்து நாள் வாசல் தாண்டக் கூடாது. வெள்ளைச் சேலையில் உள்ளறையோடு அடங்கிவிட்ட அவள் மகளிடமும் அதிகம் பேசுவதில்லை. அந்த வீட்டில் பேச்சு என்று மிஞ்சியிருந்தது, தோஹாவிலிருந்து அண்ணன் முஃபீத், அவளுடைய காக்கா, தினமும் மாலை மஃரிபுக்குப் பிறகு கூப்பிடும் பத்து நிமிஷம் மட்டும்தான். அன்று அந்தப் பத்து நிமிஷத்தின் கடைசியில் சஃப்ரின் போனை வாங்கிக்கொண்டாள்.

"காக்கா, சர்வர் போடட்டா?"

"எந்த சர்வரு?"

"நம்ம கட்டை விளையாட்டுக்குத்தான். இந்தத் தடவ மாட் எல்லாம் சேத்துப் போடுதேன். ரயிலு ஓடும், சாரல் அடிக்கும்."

"உன் கம்ப்யூட்டரு தாங்குமாட்டி? போன தடவ அது மூச்சு வாங்குனது இங்க எனக்குக் கேட்டுச்சு."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்த பிறகு உள்ளறைப் பக்கம் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

கட்டை கட்டையாக அடுக்கி ஓர் உலகத்தையே கட்டும் அந்த விளையாட்டு அவர்கள் இருவருக்கும் பள்ளிக்கூடக் காலத்துப் பழக்கம். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு ரமலான் விடுமுறையில் இப்படித்தான் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே சர்வர் போட்டு, தோஹாவில் இருந்தவனை உள்ளே அழைத்தாள். அவன் பொம்மை இரண்டடி நடக்கும், நிற்கும், திடீரென்று சுவருக்குள் போய் முளைக்கும். "செங்கோட்டை பாசஞ்சர் மாதிரி நின்னு நின்னு வாரேன்" என்று கேலி செய்தான். அவன் பெயருக்கு நேரே இருநூற்று இருபது என்று காட்டியது. சேதி இங்கிருந்து அவனிடம் போய்த் திரும்ப ஆகும் நேரம் அது. மில்லிசெகண்டில், அதாவது விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்காகச் சொல்வார்கள். தூரம் கூடினால் எண்ணும் கூடும். கடல் தாண்டி வருகிறவனுக்கு அது இருநூறுக்குக் கீழே இறங்கவே இல்லை.

மாட் சேர்ப்பது அவள் நினைத்ததைவிடப் பெரிய வேலையாக இருந்தது. மாட் என்பது விளையாட்டில் ரயில், மழை என்று புதிதாகச் சேர்க்க யார் யாரோ எழுதிய துண்டு நிரல்கள், ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. ரயில் மாட் விளையாட்டின் பழைய பதிப்பைக் கேட்கும், மழை மாட் புதியதைக் கேட்கும். நாற்பத்தொரு மாட் போட்டு ஓட்டினால் பாதி வழியில் சர்வர் விழுந்துவிடும். கம்ப்யூட்டரின் எட்டு ஜிபி நினைவகத்தில் ஐந்தை அதற்கே ஒதுக்கினாள். வெளியிலிருந்து ஆள் உள்ளே வர வழி திறக்க வேண்டியிருந்தது. அதற்கு இன்டர்நெட் லைன் போட்டுக் கொடுத்த செல்லச்சாமி அண்ணாச்சியிடம் இரண்டு தடவை நடந்து, வீட்டு இணைப்புக்குத் தனி முகவரி வாங்கினாள். நான்கு நாள் போனதே தெரியவில்லை. அந்த நான்கு நாளும் வாப்பாவின் கட்டில் கண்ணில் படவில்லை என்பது அவளுக்குப் பிறகுதான் உறைத்தது.

வெள்ளிக்கிழமை மதியம் முஃபீத் உள்ளே வந்தான். அவன் பொம்மை வழுக்கிக்கொண்டு ஓடி வந்து அவள் முன்னால் குதித்தது. தண்டவாளத்தில் ஏறி உட்கார்ந்தது. ஒரு இடத்திலும் நிற்கவில்லை. அவள் எண்ணைப் பார்த்தாள். ஆறு.

"காக்கா, ஒனக்கு லைன் நல்லா இருக்கே?"

"ரூம்ல புது கனெக்‌ஷன் போட்டிருக்காங்கட்டி."

சஃப்ரினுக்கு ஆறு என்ற எண்ணின் மேல்தான் சந்தேகம் வந்தது, அவன் மேல் வரவில்லை. ஏதோ ஒரு மாட் எண்ணைத் தப்பாகக் காட்டுகிறது என்று நினைத்தாள். அடுத்த இரண்டு நாள் மாட்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, சர்வரை நிறுத்தித் தொடங்கி, அவனைத் திரும்பத் திரும்ப உள்ளே வரச் சொன்னாள். மழை போனது. புது மரங்கள் போயின. பதினோரு மாட் கழற்றியும் ஆறு ஆறாகவே இருந்தது. ஒரு தடவை ஐந்தானது.

பிறகு சர்வர் எழுதி வைக்கும் பதிவைத் திறந்தாள். யார் எப்போது எந்த முகவரியிலிருந்து வந்தார்கள் என்று அதில் வரிவரியாக இருக்கும். முஃபீதின் பெயருக்குப் பக்கத்தில் இருந்தது வெளிநாட்டு முகவரி இல்லை. தனி முகவரி வாங்கும் முன் அவள் வீட்டுக்குச் செல்லச்சாமி கொடுத்திருந்த அதே வரிசை எண்.

அதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் செல்லச்சாமியிடம் காட்டினாள். அவர் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார்.

"இது நம்ம லைனுதாம்மா. குத்தாலம். பழைய குத்தாலம் ரோட்டுல ஒரு லாட்ஜ் இருக்குல்லா, அங்கன போட்டது. ஏம்மா, எவனும் உள்ள புகுந்து வம்பு பண்ணுதானா? சொல்லு, புடுங்கி விட்டுருதேன்."

"இல்ல அண்ணாச்சி. தெரிஞ்சவங்கதான்."

வீட்டுக்கு நடந்து வருகையில் வாப்பாவின் கடைசி வாரம் அவளுக்குள் ஓடியது. "முஃபீது வந்துட்டானா?" என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். "டிக்கெட் போட்டுட்டான், வந்துக்கிட்டு இருக்கான்" என்று உம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். அவர் கண்மூடி மௌத்தான அன்று கம்பெனியில் லீவு இல்லை என்று தகவல் வந்தது. மூன்று மணிக்குத்தான் சைட்டிலிருந்து ரூமுக்கு விடுவார்கள் என்றான். மதியம் லுஹர் தொழுகையோடு அடக்கிவிடலாம் என்று பெரியவர்கள் எழுந்தபோது, சஃப்ரின்தான் முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு, அவளைப் பேசி முடித்திருந்த அச்சன்புதூர் மாப்பிள்ளை வீட்டாரும் உட்கார்ந்திருந்த ஆண்கள் நடுவில் போய் நின்று, பிற்பகல் அஸர் தொழுகை வரை பொறுக்கச் சொல்லிக் கெஞ்சினாள். ஒரு பெரியவர், "மய்யித்த வெயிட்டிங்ல போடுதது நல்லா இல்லம்மா" என்று முகத்துக்கு நேரே சொன்னார். அதையும் வாங்கிக்கொண்டாள். மூன்று மணிக்கு முஃபீத் வந்தான், போனில். திரை போட்ட ஓர் அறை. போர்வையைப் போர்த்தியிருந்தான். "இன்னும் கிட்ட காட்டுட்டி" என்று அழுதான். வாப்பாவின் முகத்துக்குச் சாணளவில் போனைப் பிடித்து அவள் கை மரத்துப்போனது. கபுருஸ்தானுக்குப் பெண்கள் போக முடியாது. அங்கே பெரியவாப்பா மகன் சுஹைப் போனைப் பிடித்தான். மகன் போட வேண்டிய முதல் பிடி மண்ணையும் அவனே போட்டான்.

திங்கட்கிழமை காலை, ரேஷன் கடைக்கு என்று சொல்லிவிட்டு குற்றாலம் பஸ்ஸில் ஏறினாள். இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. சீசன் முடிந்து லாட்ஜ் காலியாகக் கிடந்தது. மாடிப்படியில் ஏசிப் பெட்டி ஒன்றைப் பிரித்துப் போட்டு, ஒருவன் குந்தி உட்கார்ந்து கழுவிக்கொண்டிருந்தான். முதுகைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"தோஹாவுல இன்னைக்கு டூட்டி இல்லையா?"

முஃபீதின் கையிலிருந்த குழாய் கீழே விழுந்து தண்ணீர் படியெல்லாம் ஓடியது. அதை நிறுத்தக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

"ஏட்டி... யாரு சொன்னா?"

"ஆறு மில்லிசெகண்ட் சொல்லுச்சு. நான் கிறுக்கி, பதினோரு மாட் கழட்டிப் போட்டேன். நீ பொய் சொல்லுவேன்னு தோணல, மெசினுதான் பொய் சொல்லுதுன்னு நெனச்சேன்."

அவன் கைகளைக் கைலியில் துடைத்துக்கொண்டான். ஜூன் மாதமே வந்துவிட்டதாகச் சொன்னான். விசா புதுப்பிக்க எடுத்த எக்ஸ்ரேயில் நெஞ்சில் பழைய தழும்பு தெரிந்ததாம். அன்ஃபிட் என்று முத்திரை குத்தி விமானம் ஏற்றிவிட்டார்கள். லாட்ஜ்காரர் அவனுக்குக் கூட்டாளி; ஏசி, மோட்டார் எல்லாம் பார்த்துக்கொண்டு இங்கேயே தங்கிக்கொள்ளச் சொன்னாராம்.

"அது நோவு, காக்கா. அதுக்கு யாரு உன்ன என்ன சொல்லப் போறா? வாப்பாவப் பாக்க ஏன் வரல? ஆறு கிலோமீட்டரு. நடந்தே வரலாம்லா."

அவன் குனிந்து குழாயை எடுத்து ஓரமாகப் போட்டான்.

"அன்னைக்குப் போர்வை எதுக்குப் போத்தியிருந்த?"

"தோஹா ரூம்ல ஏசி ஓடும்லா... அப்படித் தெரியட்டும்னு."

"வெளங்கும்."

"நான் வாரேன்னுதான் சொன்னேன்ட்டி. உம்மாதான் வேண்டாம்னா."

சஃப்ரின் படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"உம்மாக்குத் தெரியுமா?"

"ஏர்போர்ட்ல இறங்குனதும் அவளுக்குத்தான் போன் போட்டேன். அச்சன்புதூர்க்காரங்க உன்னப் பேசி முடிச்சதே, நான் மாப்பிள்ளைக்கு விசா எடுத்துக் குடுப்பேன்னு நம்பித்தான். வாப்பா மௌத்தான அன்னைக்கு அவங்க அத்தன பேரும் வீட்டுல வந்து உக்காந்திருந்தாங்க. நான் வந்து நின்னா என்ன ஆகும்? நிக்காஹ் முடியட்டும், அதுவரைக்கும் நீ தோஹாவுலயே இருந்துக்கோன்னா. உனக்காகத்தான்ட்டி எல்லாம்."

"என்னட்ட யாராவது கேட்டீங்களா?"

ஐந்தருவிப் பக்கமிருந்து வேன் ஒன்று இரைந்துகொண்டு போனது. அவன் அவள் கையைப் பிடிக்க வந்தான். அவள் ஒரு படி கீழே இறங்கிக்கொண்டாள்.

"நாளைக்கு லுஹருக்குள்ள வீட்டுக்கு வா. தெரு வழியா, எல்லாரும் பாக்க வா. வரலேன்னா நானே சொல்லிருவேன்."

அவள் வீட்டில் எதுவும் காட்டிக்கொள்ளவில்லை. மறுநாள் காலையிலிருந்து வாசலைப் பார்த்தபடி இருந்தாள். லுஹர் பாங்கு ஒலித்தது. தொழுது முடித்தாள். வாசலில் நிழல் விழவில்லை. உள்ளறையில் உம்மாவின் போன்தான் அடித்தது.

"முஃபீதா? சாப்டியாப்பா? அங்கன வெயிலு குறைஞ்சிருக்கா?" உம்மாவின் குரல் கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை. சஃப்ரின் கதவருகே நின்று கேட்டாள். இத்தனை மாதமும் இந்தப் பேச்சை அவள் பக்கத்து அறையிலிருந்து கேட்டு, காக்காவுக்காகத் துஆ செய்திருக்கிறாள். உம்மா நிமிர்ந்து பார்த்து, "காக்கா பேசுதான். டூட்டியில இருந்து பேசுதான், ரெண்டு வார்த்த பேசிட்டுக் குடு" என்று போனை நீட்டினாள்.

சஃப்ரின் வாங்கினாள். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. "வரலியா?" என்றாள். துண்டித்தாள்.

"நேத்து நான் ரேஷன் கடைக்குப் போகல உம்மா. குத்தாலத்துக்குப் போனேன்."

உம்மாவின் கையில் உருண்டுகொண்டிருந்த தஸ்பீஹ் மணிமாலை நின்றது. "அல்லாஹ்வுக்குத் தெரியும், உன் வாழ்க்கைக்காகத்தான்" என்றாள்.

"வாப்பா கேட்டுக்கிட்டே இருந்தாங்களே உம்மா. பக்கத்துலதான் இருக்கான்னு அவங்க காதுல மட்டுமாவது சொல்லியிருக்கலாம்லா."

"சொன்னா கூப்புடச் சொல்லுவாரு. அந்த மனுசனுக்கு எதையும் மறைக்கத் தெரியாது."

அது உண்மைதான். அந்த உண்மையைத்தான் சஃப்ரினால் தாங்க முடியவில்லை. அதே போனில் அச்சன்புதூர் எண்ணைத் தேடி அழுத்தினாள். உம்மா பாயிலிருந்து எழப் பார்த்து, முடியாமல் மறுபடி உட்கார்ந்தாள்.

மாப்பிள்ளையின் தாயார் அலிமா எடுத்தாள். "என்ன சம்மந்தி, இந்த நேரத்துல?"

"மாமி, நான் சஃப்ரின். காக்கா தோஹாவுல இல்ல. மெடிக்கல்ல அன்ஃபிட் ஆயி ஜூன் மாசமே வந்துட்டான். குத்தாலத்துல இருக்கான். விசா ஒண்ணும் வராது. இதுக்கு மேல என்ன செய்யணும்னு நீங்க முடிவு பண்ணிக்கோங்க."

அந்தப் பக்கம் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

"உம்மாட்ட குடும்மா," என்றாள் அலிமா.

உம்மா தலையை ஆட்டினாள். தொழுகிறேன் என்று சொல்லச் சொல்லி, இரண்டு கைகளையும் நெஞ்சில் கட்டிக் காட்டினாள்.

"இங்கனதான் உக்காந்திருக்காங்க மாமி," என்றாள் சஃப்ரின். "தாறேன்."